படித்துறையில் ஆளை நிறுத்திய வரி

சேவைத் திட்டங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எப்படி எழுதினால் கிடைக்கும் என்று சொல்லித் தரும்படி உங்கள் ஒருங்கிணைப்பாளர் கேட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். எழுதியதில் பாதிக்கு மேல் கிடைத்தது. தலைப்பு வைப்பது, தேவையை விளக்குவது, அட்டவணை போடுவது எல்லாம் இரண்டு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். நான் எழுதியதிலேயே சிறந்தது என்று எல்லோரும் பாராட்டிய ஒரு விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். அதற்கு நிதி கிடைத்தது. அதுதான் நான் எழுதிய கடைசி விண்ணப்பமும்.

ஓராண்டு தேச சேவைத் திட்டம் என்று ஒன்றை நாங்கள் நடத்திவந்தோம். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு அனுப்புவோம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து, சீட்டு எடுத்து, டாக்டரிடம் காட்டி, திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மாதம் ஒரு சிறு தொகை, வருஷ முடிவில் ஒரு சான்றிதழ். கேட்டால் பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை ஓர் ஊரில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தால், அடுத்த வருஷம் அந்த ஊர்க்காரர்கள் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வருவார்கள். "எங்க பிள்ளைய எப்ப அனுப்புவிய?" என்று கேட்பார்கள்.

ஒரு வருஷம் எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியானது. திட்டத்தில் புதிதாக எதுவும் இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் ஊர்களுக்கு யாரும் போகவில்லை. பீடி சுற்றும் அம்மா ஒருவர், சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வருவார். எங்கள் தொண்டர்தான் கூட்டி வருவது வழக்கம். தொண்டர் இல்லை என்றதும் வருவது வாரம் ஒன்றானது, பிறகு அதுவும் நின்றது. தீபாவளிக்கு முன்னால் அவர் இறந்துபோனார். ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சாவு வீட்டுக்குப் போனபோது அவருடைய மகள், "நீங்க நிப்பாட்டாம இருந்திருக்கலாம்லா சார்?" என்று மட்டும் கேட்டாள். குறை சொல்லும் குரலில்கூட அல்ல. நிதி தள்ளுபடியானதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தபோது அவள் கேட்ட கேள்வி என் கூடவே உட்கார்ந்திருந்தது. இதை என் தவறுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நீங்களும் இப்படித்தான் உட்காருவீர்கள். விண்ணப்பம் தோற்றால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதாலேயே உங்கள் கை சில வார்த்தைகளை எழுதும்.

அதற்குள் பெருவெள்ளம் வந்து போயிருந்தது. அதன் பிறகு எல்லா நிதிப் படிவங்களிலும் பேரிடர் என்று ஒரு பகுதி முளைத்துவிட்டது. எங்களுக்கு நிதி தரவிருந்த சென்னை அறக்கட்டளையின் படிவத்தில் 'நீர்நிலைப் பாதுகாப்பு' என்ற தலைப்புக்குத் தனி மதிப்பெண். அதை வெறுமையாக விட்டால் தேறுவது கடினம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்.

'தாமிரபரணியின் நான்கு படித்துறைகளில், மக்கள் திரளும் நாட்களில், பயிற்சி பெற்ற தொண்டர்கள் பாதுகாப்புப் பணியில் ஈடுபடுவர்.'

எங்கள் களப் பணிகளை மேற்பார்வை பார்த்தவர் முருகையா. ஐம்பது வயது, ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அனுப்புவதற்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ளையள்ல நீச்சல் தெரிஞ்சது எத்தன பேருன்னு கேட்டியளா?"

"இனிமத்தான்வே ஆளே எடுக்கப் போறோம். பயிற்சிக்குன்னு தனியாத் தொகை கேட்டிருக்கேன், பாரும்."

"குளத்துல நீஞ்சுதது வேற, ஆத்துல ஆளத் தூக்குதது வேற. எனக்கே அணை திறந்திருக்க நாள்ல உள்ள இறங்க யோசனையா இருக்கும்."

"மார்க்குக்காகப் போடுத வரி இது. நிதி வரட்டும், பெறவு பாத்துக்கிடுவோம்."

"சரி, நீங்க படிச்சவிய" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் போனார்.

வைகாசியில் ஒப்புதல் கடிதம் வந்தது. எங்கள் நிறுவன இயக்குநர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடிதத்தின் பின்னால் இணைத்திருந்த பட்டியலை நான் சாயங்காலம்தான் நிதானமாகப் பார்த்தேன். பயிற்சிக்கு நாங்கள் கேட்டிருந்ததை அடித்துவிட்டு, 'உள்ளூர் வளங்களைக் கொண்டு செய்துகொள்ளவும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். படித்துறைப் பணி மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். பேசிய பெண் அதிகாரி தன்மையானவர். பயிற்சிக்குப் பணம் இல்லை என்றால் படித்துறைப் பணியை நீக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"நீக்கலாம் சார். ஆனா செயல்பாடு மாறினா ஃபைல் திரும்பவும் கமிட்டிக்குப் போகணும். அடுத்த கமிட்டி மூணு மாசம் கழிச்சுதான். அந்த மார்க் இல்லாம நீங்க தேறுவீங்களான்னு என்னால சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு அனுப்பிட்டா நல்லது."

போனை வைத்துவிட்டு நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் இதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, ஊர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அந்தப் பீடிக்கார அம்மாவைப் போல இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சமாளிச்சிக்கலாம்" என்றார். நானும் அதைத்தான் சொல்லவிருந்தேன். ஒப்பந்தம் வியாழக்கிழமையே போய்விட்டது.

பயிற்சியும் நடந்தது. அலுவலக மாடியில், ஒரு சனிக்கிழமை காலை. முதலுதவி சொல்லித் தரும் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் வந்தார். ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து நெஞ்சை அமுக்கக் காட்டினார். கயிறு எறிவதைப் படத்தில் காட்டினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பொம்மைக்கு மூச்சு ஊதினார்கள். அந்த மாடியில் இருந்த தண்ணீர் எல்லாம் மேசை மேல் பாட்டில்களில் இருந்ததுதான். முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டையும் விசிலும் கொடுத்தோம். சட்டையின் முதுகில் 'பாதுகாப்புப் பணி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. புகைப்படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்பினேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பேச்சியம்மாள். இருபத்திரண்டு வயது, பி.காம். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர். அங்கே ஆறும் இல்லை, குளமும் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சித்தி வீடு ஆற்றங்கரையில் இருந்ததால், அங்கே தங்கி அந்த ஊருக்கே தொண்டராக இருக்க ஒத்துக்கொண்டாள். ஊர்ப் பெயர் வேண்டாம். திருவைகுண்டத்துக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதுவதில் கெட்டிக்காரி. இரண்டே மாதத்தில் அந்த ஊரில் தடைப்பட்டுக் கிடந்த ஒன்பது உதவித்தொகைகளை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

ஆடி அமாவாசை வந்தது. கார் நெல் சாகுபடிக்கு அணை திறந்திருந்ததால் ஆற்றில் நல்ல தண்ணீர். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும் நாள். நான்கு படித்துறைகளுக்கும் தொண்டர்களை அனுப்பியிருந்தோம். நான் அலுவலகத்தில் முதல் காலாண்டு அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பத்தரை மணி இருக்கும், பேச்சியம்மாள் போன் செய்தாள்.

"சார், ஒரு பிள்ள முங்கிட்டு சார்."

பின்னால் கூச்சல் மட்டும் கேட்டது. நானும் முருகையாவும் அவருடைய பைக்கில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

நடந்ததை அவள் படியில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னாள். கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு தையல்காரர், தன் தாயாருக்குத் திதி கொடுக்க மனைவியோடும் பத்தொன்பது வயது மகளோடும் வந்திருக்கிறார். தர்ப்பணம் முடித்ததும் குளிக்க இறங்க வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். ஆரஞ்சுச் சட்டை கண்ணில் பட்டிருக்கிறது. நேராக இவளிடம் வந்து கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, இங்கன ஆழமா இருக்குமா? பிள்ளைக்கு நீச்சல் தெரியாது."

பேச்சியம்மாள் பொறுப்பான பெண். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, காலையிலேயே துணி துவைக்க வந்த உள்ளூர்ப் பெண்களிடம் விசாரித்து வைத்திருந்தாள். அவர்கள் சொன்னதையே சொன்னாள்.

"இடுப்பளவுதான் அண்ணாச்சி. பைய இறங்கச் சொல்லுங்க."

அந்தப் பெண்கள் துவைக்கிற இடத்தில் இடுப்பளவுதான். அதிலிருந்து நாலு எட்டு தள்ளி, எப்போதோ மணல் அள்ளிய குழி ஒன்று இருந்தது. மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். தண்ணீர் இதமாக இருக்கவே இன்னும் கொஞ்சம் போயிருக்கிறாள். தாயின் கையில் வளையல்தான் மிஞ்சியது. பேச்சியம்மாள் விசிலை ஊதிக்கொண்டே நெஞ்சளவு தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போயிருக்கிறாள். அதற்கு மேல் கால் நிலைக்கவில்லை. பக்கத்துத் துறையிலிருந்து ஆண்கள் ஓடி வந்து குதித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து தேடி எடுக்கும்போது மணி மூன்று.

அதுவரைக்கும் அவள் ஈரத் துணியோடு அங்கேயே இருந்தாள். சித்தி வந்து கூப்பிட்டும் போகவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, "சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கா பாரு. குதிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தச் சட்டை?" என்றாள். யாரும் அந்தப் பெண்ணை அடக்கவில்லை. கேட்டதில் என்ன தப்பு? முருகையா தன் தோளில் கிடந்த துண்டைப் பேச்சியம்மாளுக்குப் போர்த்திவிட்டு, அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். தையல்காரர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். விரலிலிருந்த தர்ப்பை மோதிரத்தைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காவல் நிலையத்திலிருந்து திட்டம் தொடர்பான காகிதங்களைக் கேட்டிருந்தார்கள். அவர் ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர் கெட்டவர் இல்லை. தன் சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்துத் தொண்டர்களுக்குக் கொடுத்தவர்.

"ஒரு சுற்றறிக்கை வேணும்" என்றார். "தண்ணி எவ்வளவு ஆழம், எங்க இறங்கலாம்னு பொதுமக்களுக்குத் தொண்டர்கள் எந்த யோசனையும் சொல்லக் கூடாது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துறது மட்டும்தான் வேலை. ஜூன் மாசத் தேதி போடுங்க. எல்லாரும் படிச்சுப் புரிஞ்சிக்கிட்டதாக் கையெழுத்து வாங்கிருவோம்."

"அப்படி நாம சொல்லவே இல்லையே சார்."

"சொல்லியிருக்கணும்லா? சொல்லியிருக்க வேண்டியதைத்தானே எழுதச் சொல்லுதேன்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சின்னப் பிள்ள, கேட்டுட்டு விட்டுருவாங்க. நம்ம மேல வந்துச்சுன்னா திட்டமே போயிரும். பன்னிரண்டு ஊரு. நீங்களே யோசிங்க."

நான் போய் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து பத்திகள், ஒரு திருத்தம் இல்லை. படித்துப் பார்த்த இயக்குநர், நிஜமாகவே ஜூனில் எழுதியது போல இருக்கிறது என்றார். இத்தனை வருஷம் பழகிய கை. எதை எழுதச் சொன்னாலும் எழுதும்.

அலுவலகத்துக்கு வரவழைத்திருந்த பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பயந்து போயிருந்தார்கள், பாதிப் பேர் படிக்கவே இல்லை. பேச்சியம்மாளின் கையெழுத்து மட்டும் பாக்கி. நானும் முருகையாவும் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போனோம்.

அடுக்களைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார். தாளை அவளிடம் நீட்டினேன். அவள் வரி வரியாகப் படித்தாள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அல்லவா, எதையும் மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது.

"சார், இதுல ஜூன் மாசத் தேதி போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"இத எங்களுக்குச் சொல்லவே இல்லயே சார்."

முருகையா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் தப்பிச்சிருவேனா சார்?"

தப்பித்துவிடுவாய் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாள். அலுவலகத்திலிருந்து புறப்படும்போது அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். வாய் வரவில்லை.

"இல்லம்மா. நாங்க தப்பிச்சிருவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்ப போடட்டுமா சார்? நீங்க சொன்னாப் போடுதேன்" என்றாள்.

என் பணிக்காலத்தில் நான் கேட்டதிலேயே தாங்க முடியாத வார்த்தை இதுதான். தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "வேண்டாம்மா. சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். தெருமுனை வரைக்கும் வந்த பிறகு முருகையா முதல்முறையாகப் பேசினார்.

"இப்ப எங்கன போறோம்?"

"ஸ்டேஷனுக்கு."

விண்ணப்பத்தின் நகல் என் பையில் இருந்தது. ஆய்வாளரிடம் கொடுத்து, அந்த வரியைக் காட்டினேன். 'பயிற்சி பெற்ற' என்று எழுதியவன் நான், தண்ணீரில் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை, ஆழத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்த உத்தரவும் போடவில்லை, உள்ளூர்ப் பெண்கள் சொன்னதைத்தான் அந்தப் பெண் சொன்னாள் என்று எழுதிக் கொடுத்தேன். "யாரும் கேக்காமலே நீங்களா வந்து தலையக் கொடுக்கிறீங்களே சார்" என்றார் ஆய்வாளர். வாங்கி வைத்துக்கொண்டார்.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. தவறி விழுந்து மூழ்கியதாக வழக்கை முடித்தார்கள். பேச்சியம்மாளை ஒரு தடவை விசாரித்ததோடு சரி. ஆனால் என் வாக்குமூலத்தின் நகல் அறக்கட்டளைக்குப் போனது. தவறான தகவல் தந்து நிதி பெற்றதாகச் சொல்லித் திட்டத்தை அந்த மாதத்தோடு நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது சரிதான். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் சான்றிதழ் இல்லை. பன்னிரண்டு ஊரிலும் மாலைப் பாடம் நின்றது. ஆஸ்பத்திரிக்குத் துணை போக ஆள் இல்லாமல் போயிற்று. அந்த நான்கு நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பணி ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி நாள் இயக்குநர் வாசல் வரைக்கும் வந்தார். "நீங்க செஞ்சது சரிதான். ஆனா இனி அந்த ஊருக்கெல்லாம் யாரு போவா?" என்றார்.

பேச்சியம்மாள் தன் ஊருக்கே திரும்பிவிட்டாள். இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. ஒரே ஒரு முறை போன் செய்தாள்.

"சார், அந்தப் பொம்பளையள் இடுப்பளவுன்னுதான் சார் சொன்னாவ."

"தெரியும்மா. அத எழுதிக் கொடுத்திருக்கேன்."

"நெசமா எழுதிக் கொடுத்தியளா?"

"நெசமாத்தான்."

வைத்துவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு வரியை எழுதி முடித்ததும், அதைச் செய்யப் போகிற ஆளைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்த ஆள் இன்னும் வேலைக்கே வரவில்லை என்றால், உங்கள் வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். களத்திலிருந்து வரும் ஒருவர் கேள்வி கேட்டால், மதிப்பெண்ணைச் சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். நிதி தருகிறவர் ஒன்றை வெட்டினால், அதை நம்பி நிற்கும் இன்னொன்றையும் நீங்களே வெட்டுங்கள். அதனால் மொத்தமும் போனாலும் போகட்டும். போனால் யாரோ ஒருவர் சாகலாம். அதையும் மறைக்காமல்தான் சொல்கிறேன். இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிற இடத்தில்தான் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒரு டீ குடிக்கிற நேரமாவது யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த ஆடி அமாவாசைக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தையல்காரரைப் பார்க்கப் போனேன். முருகையாவைக் கூப்பிட்டேன். "எதுக்குப் போறிய அண்ணாச்சி? போயி என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டு, வரவில்லை. நான் பிடிவாதமாகத் தனியே போனேன்.

வீட்டின் முன்னறையில் தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே அவர் மனைவி நடமாடும் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண், அந்த வரி, சென்னைக்குப் போன் பேசியது, மாடியில் நடந்த பயிற்சி, ஜூன் மாதத் தேதி போட்ட தாள், ஒன்றையும் விடவில்லை. மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாது."

நான் முடித்த பிறகு சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"இம்புட்டு நாளும் ஆறு கொண்டு போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஆத்தப் போயி என்னத்தக் கேக்க முடியும்? அந்தப் புள்ளையக் கொஞ்ச நாளு வைதேன். பெறவு பாவம், சின்னப் புள்ளன்னு விட்டுட்டேன். மனசு ஒரு நெலைக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப நீங்க வந்து, நாங்க எழுதுன எழுத்துதான்னு சொல்லுதிய. சொன்னதுல உங்களுக்குக் கொஞ்சம் பாரம் எறங்கியிருக்கும். எனக்கு ஏறிருச்சு."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இனி இத அவகிட்ட நான் சொல்லணுமா, சொல்லாம இருக்கணுமா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு வழி தெரியாது என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். திருநெல்வேலி பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்றார். பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, "ஏறிக்கிடுங்க" என்றார்.

அவர் மனைவியிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.